ஓடாத சிறுதேர்

நுழையும்முன்

விளையாட்டுப்பொருள் விளையாடித் தீர்ப்பதற்கு உரியது. அதைப் பேணிவைக்கத் தொடங்கும்போது அதன் இயல்பே மாறிவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான, வானொலி அலையால் இயங்கும் சிறு மகிழுந்துகளைச் சேகரிப்போர் இம்மாற்றத்தை நேருக்குநேர் காண்கின்றனர். பழைய பொருளை எந்த நிலையில் காப்பது என்னும் வினாவை அவர்களின் பட்டறிவின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

வெண்ணிறப் பின்னணி கொண்ட ஓர் அட்டைப்பெட்டி. அதன் மூடியில், பருத்த சக்கரங்களுடன் நிற்கும் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மகிழுந்தின் ஓவியம். பெட்டியினுள் வண்டி இல்லை. வண்டியாகக்கூடிய பாகங்களே இருக்கின்றன. உலோகக் கைகளும் பற்சக்கரங்களும் தனித்தனியே அடங்கியிருக்கின்றன. திருகாணிகள் சிறு பைகளுக்குள் மூடப்பட்டுக் கிடக்கின்றன. நெகிழியாலான உடற்கூடு இன்னும் வண்ணம் காணவில்லை. 1979ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு டாமியா நிறுவனம் வெளியிட்ட ‘சேண்ட் ஸ்கார்ச்சர்’ என்னும் தொகுப்பு அது. அத்தகைய தொகுப்பு ஒன்று, பை பிரிக்கப்படாமல் இன்று கிடைக்குமானால் சேகரிப்பாளரிடையே அதற்குத் தனி மதிப்புண்டு. பையின் வாயைப் பிரித்த நொடியில் அம்மதிப்புச் சரியத் தொடங்கும். பாகங்களைக் கோத்து, வண்டியாக்கி, மண்ணில் ஓட்டினால் இன்னும் சரியும்.

எந்தச் செயலுக்காக ஒரு பொருள் உருவாக்கப்பட்டதோ, அந்தச் செயலைச் செய்யாத வரையில்தான் அது விலை மிக்கது என்பது விந்தையான நிலை. புழங்காத நாணயத்துக்கும் முத்திரை விழாத அஞ்சல்தலைக்கும் இந்நிலை உண்டு என்று கூறலாம். எனினும், நாணயத்தைக் கண்ணால் கண்டு மகிழ முடியும். கோக்கப்படாத வண்டியை அதன் உரிமையாளர்கூடக் கண்டதில்லை.

கட்புலனாகாக் கயிறு

குழந்தைகளின் உருட்டுவண்டி மிகப் பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாமலேயே உருட்டி விளையாடிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அத்தேரை நகர்த்தியது கை. கைக்கும் தேருக்கும் நடுவே இடைவெளி வேண்டுமாயின் கயிறோ கம்பியோ தேவைப்பட்டது. அந்தக் கம்பியின் தேவையை நீக்கியது வானொலி அலை.

1898ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா, நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்க அரங்கில், சிறு படகு ஒன்றைக் கம்பியின்றித் தொலைவிலிருந்தே செலுத்திக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் அதற்கான காப்புரிமையும் அவருக்குக் கிடைத்தது. ஆனால், அந்தக் கருத்து சிறுவர்களின் கைக்கு வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வெற்றிடக் குழாய்களால் ஆன பழைய வானொலிக் கருவிகள் எடை மிகுந்தவை. மின்சாரத்தையும் மிகுதியாக உண்பவை. உள்ளங்கையில் அடங்கும் அலையேற்பியைச் செய்ய டிரான்சிஸ்டர் பிறக்க வேண்டியிருந்தது. 1966இல் எலெத்ரோனிக்கா ஜோகாட்டோலி என்னும் இத்தாலிய நிறுவனம், ஃபெர்ராரி 250 எல்எம் மகிழுந்தைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. வானொலி அலையால் இயங்கி, வணிக முறையில் விற்கப்பட்ட முதல் மகிழுந்தாக அதனைக் குறிப்பிடுவர்.

பத்து ஆண்டுகள் கழித்து, ஜப்பானின் ஷிசுவோகா நகரிலிருந்து அடுத்த பெரிய அடி எடுத்துவைக்கப்பட்டது. டாமியா முதலில் மர வணிகம் செய்த நிறுவனம். பின்னர் மரத்தாலான மாதிரிகளையும் 1960 முதல் நெகிழி மாதிரிகளையும் செய்யத் தொடங்கியது. போர்ஷே 934 மகிழுந்தின் மாதிரியை உருவாக்க முனைந்தபோது, உட்பாகங்களைத் துல்லியமாக அறிவதற்காக அந்நிறுவனத்தார் உண்மையான போர்ஷே மகிழுந்து ஒன்றையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தனர். அந்த மாதிரியின் உடற்கூட்டுக்குள் மின்மோட்டாரும் அலையேற்பியும் அமைத்து, 1976இல் ஓடும் வண்டியாக வெளியிட்டனர். மேசைமேல் வைத்துப் பார்ப்பதற்காகச் செதுக்கிய நுணுக்கம், தரையில் ஓடும் வண்டிக்கும் வந்து சேர்ந்தது. அவ்வண்டிகள் பிற்காலத்தில் சேகரிப்புப்பொருளாக மாறியதற்கான விதை இங்கேயே விழுந்துவிட்டது எனலாம். வெறும் ஓட்டத்துக்காக மட்டும் செய்யப்பட்டிருந்தால் அவற்றை எவரும் முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடியிருக்கமாட்டார்கள்.

இவ்வண்டிகளின் இயக்கம் எளிமையானது. கையில் உள்ள அலைபரப்பி அனுப்பும் குறிப்பை வண்டியில் உள்ள அலையேற்பி பெறுகிறது. அக்குறிப்புக்கு ஏற்ப, செர்வோ எனப்படும் சிறு மோட்டார்ப் பெட்டிகளில் ஒன்று முன்சக்கரங்களைத் திருப்புகிறது. மற்றொன்று, விரைவைக் கட்டுப்படுத்தும் தொடுமுனையை மின்தடையின்மேல் நகர்த்துகிறது. முழு விரைவில் செல்லும்போது மின்னோட்டம் தடையின்றிப் பாயும். மெதுவாகச் செல்லும்போது மின்னாற்றலின் ஒரு பகுதி மின்தடையில் வெப்பமாகி வீணாகும். எனவே, விரைந்து ஓட்டியவரைக் காட்டிலும் நிதானமாக ஓட்டியவரின் வண்டியில்தான் மின்தடை கைபொறுக்காதபடி சூடேறியது. பத்து நிமிட ஓட்டத்திற்கு மின்கலத்தை நெடுநேரம் மின்னேற்றிக் காத்திருந்த அக்காலச் சிறுவர்களுக்கு இது நன்கு தெரியும்.

தெரிந்து தெளிவோம்

பழைய வண்டிகள் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கின. அதனுள் பழுப்பு, சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம் என ஆறு நிறங்களால் குறிக்கப்பட்ட தடங்கள் இருந்தன. எந்தத் தடம் என்பதை அலைபரப்பியிலும் அலையேற்பியிலும் செருகும் சிறிய படிகம் முடிவுசெய்தது. ஒரே நிறப் படிகம் கொண்ட இருவர் ஒரே நேரத்தில் ஓட்டினால், ஒருவரின் வண்டி மற்றவரின் சொல்லைக் கேட்டு ஓடும். அதைத் தவிர்க்க, அலைவாங்கிக் கம்பியில் அந்தந்த நிறத் துணியைக் கட்டினர். சில பந்தயக் களங்களில், தடத்துக்கு ஒன்றாகப் பலகையில் மாட்டிய துணிக்கவ்வியை எடுத்துவந்தவரே அத்தடத்தில் ஓட்டலாம் என்னும் வழக்கம் இருந்தது.

மணலில் இறங்கிய வண்டி

தொடக்கக்கால வண்டிகள் வழவழப்பான தரையில் மட்டுமே ஓடின. ‘ரஃப் ரைடர்’, ‘சேண்ட் ஸ்கார்ச்சர்’ ஆகிய இரண்டும் 1979இல் வெளிவந்து அந்த எல்லையைக் கடந்தன. உண்மையான பீட்டில் மகிழுந்தின் முன்பகுதி எவ்வாறு மேடுபள்ளங்களைத் தாங்கியதோ, அவ்வாறே உலோகக் கைகளைக் கொண்ட அதிர்வுதாங்கி சேண்ட் ஸ்கார்ச்சரில் அமைந்தது. நீரும் மணலும் புகாதவாறு அலையேற்பியையும் செர்வோக்களையும் ஒளிபுகும் நெகிழிப் பெட்டியொன்றுக்குள் வைத்து மூடினர். விளையாட்டுப்பொருளுக்கு இத்துணை உழைப்பு தேவையா என்று கேட்கத் தோன்றும். தேவையற்ற அந்த உழைப்பே இன்றைய சேகரிப்பாளரைப் பெரிதும் ஈர்க்கிறது.

அதன் பின்னர் வண்டிகள் பெருகின. 1984இல் வந்த ‘கிராஸ்ஹாப்பர்’, ‘ஹார்னெட்’ ஆகியவை எளிய அமைப்பினால் பல நாட்டுச் சிறுவர்களின் முதல் வண்டியாயின. அதே ஆண்டில் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் ‘ஆர்சி10’ என்னும் வண்டியை வெளியிட்டது. பொன்னிறம் ஏற்றப்பட்ட அலுமினிய அடிச்சட்டம் அதன் அடையாளம். அது முற்றிலும் பந்தயத்துக்கெனப் பிறந்தது. 1985இல் கலிஃபோர்னியாவின் டெல் மார் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில், இருசக்கர உந்துகைப் பிரிவின் வெற்றி அவ்வண்டிக்கே கிடைத்தது.

அன்று அவற்றை ஓட்டிய சிறுவர்கள் வளர்ந்தனர். வண்டிகள் பரணுக்கும் கிடங்குக்கும் சென்றன. பல குப்பையில் சேர்ந்தன. பின்னாளில், பொருளீட்டும் வயதில் அவர்களுள் சிலர் தங்கள் முதல் வண்டியைத் தேடத் தொடங்கினர். இளமையில் வாங்க இயலாமல் கடைக் கண்ணாடிவழி மட்டுமே பார்த்த வண்டியைத் தேடியவர்களும் அவர்களுள் உண்டு. ஏக்கத்தினால் தொடங்கியது மெல்ல மெல்ல ஓர் ஆய்வுத்துறையைப் போல் விரிந்தது. எந்தப் பாகம் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது, எந்தப் பற்சக்கரம் முதற்பதிப்புக்கு உரியது, செய்முறைக் கையேட்டின் இரண்டாம் அச்சில் எந்தப் படம் திருத்தப்பட்டது என்றெல்லாம் அவர்கள் ஒப்பிட்டு அறிந்தனர். பழஞ்சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஆராய்வோரின் பொறுமை இதற்கும் வேண்டும். வண்டியோடு வந்த காகிதங்களும் மதிப்புப் பெற்றன. ஆண்டுப் பொருட்பட்டியல், ஒட்டுப்படத் தாள், கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு ஆகியவற்றைப் பெட்டியோடு சேர்த்தே பாதுகாக்கின்றனர்.

பெட்டிக்குள்ளும் முதுமை

ஓட்டாமல் வைத்தால் பொருள் அப்படியே இருக்கும் என்பது பலரின் நம்பிக்கை. வேதியியல் இந்நம்பிக்கைக்கு இடம் தருவதில்லை.

முதலில் கெடுவது மின்கலம். நிக்கல் காட்மியம் மின்கலங்களில் உள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஆண்டுகள் செல்லச்செல்ல முத்திரை வழியே கசிகிறது. கசிந்த காரம் தொடுமுனைகளை அரித்து, நீலப்பச்சை நிறப் படிவை உண்டாக்குகிறது. அது மின்கம்பியின் உறைக்குள்ளேயே ஊர்ந்து சென்று, செம்பிழைகளைக் கருக்கிவிடுவதும் உண்டு. வெளியே பார்த்தால் கம்பி நன்றாகவே தோன்றும். பற்றவைக்க முயலும்போதுதான் ஈயம் ஒட்டாமல் உருண்டோடும். பழைய வண்டியைப் பெற்றவுடன் மின்கலத்தை அகற்றிவிடுவதே சேகரிப்பாளரின் முதல் வேலை. காரப் படிவைச் சிறிதளவு புளிக்காடியால் துடைத்து நடுநிலையாக்குகின்றனர். காட்மியம் நச்சுத்தன்மை கொண்டது ஆதலால், அகற்றிய கலத்தைக் குப்பையில் எறியாமல் உரிய முறையில் ஒப்படைக்க வேண்டும்.

அடுத்தது இரப்பர். காற்றில் மிகச் சிறிதளவே உள்ள ஓசோன்கூட, இழுவிசைக்கு உட்பட்ட இரப்பரில் மெல்லிய வெடிப்புகளை ஏற்படுத்தும். வண்டியின் எடை ஒரே இடத்தில் பல ஆண்டுகள் அழுத்துவதால் சக்கரத்தின் அடிப்பகுதி தட்டையாகிவிடும். இதனால், காட்சிப்பேழையில் வண்டியை நிறுத்தும்போது சக்கரங்கள் தரையைத் தொடாதவாறு சிறு தாங்கியின்மேல் உயர்த்தி வைக்கின்றனர். ஓடுவதற்கென்றே செய்த சக்கரம் காற்றில் தொங்குவதைக் காண்போர்க்கு அது வேடிக்கையாகத் தோன்றலாம்.

நெகிழியின் கேடு இன்னும் நுட்பமானது. மின்கம்பியின் உறையாகப் பயன்படும் பாலிவினைல் குளோரைடு இயல்பில் விறைப்பானது. அதை வளைந்துகொடுக்கச் செய்ய, மென்மையூட்டும் பொருள்களைச் சேர்க்கின்றனர். அப்பொருள்கள் காலப்போக்கில் வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் பாகத்தை இளக்கிவிடும். சுருட்டி வைத்த கம்பி, உடற்கூட்டின்மேல் தன் வடிவத்தைப் பள்ளமாகப் பதித்துவிடுகிறது. எவருடைய கையும் படாமல், பெட்டிக்குள் இருந்தபடியே ஏற்படும் வடு அது. வெண்ணிற ஏபிஎஸ் நெகிழியோ புறஊதாக் கதிராலும் உயிர்வளியாலும் மஞ்சளாகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி ஒளியில் வைத்து, அம்மஞ்சளை நீக்கும் முறை பரவலாக உள்ளது. ஆனால், நீக்கிய நிறம் மீண்டும் திரும்பிவரக்கூடும். மேற்பரப்பு வலுவிழக்கவும் கூடும். பளிச்சென்று வெளுத்த பழைய பொருளைக் கண்டவுடன் மகிழ்வதைவிட ஐயுறுவது நல்லது.

எனவே, திறக்காத பெட்டி என்பது காலம் உறைந்துபோன பெட்டி அன்று. ஓட்டிய வண்டி தேய்கிறது. ஓட்டாத வண்டி உள்ளுக்குள் சிதைகிறது. பற்சக்கரங்களுக்கு இடப்பட்ட மசகுகூட, இயங்காமல் கிடந்தால் இறுகிப் பிசினாகிவிடும். ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் சக்கரங்களைக் கையால் சுழற்றிவிடுவோர் உளர்.

மறுவெளியீடு எழுப்பிய வினா

2004ஆம் ஆண்டில் டாமியா ஹார்னெட் வண்டியை மீண்டும் வெளியிட்டது. அடுத்த ஆண்டில் கிராஸ்ஹாப்பர் வந்தது. 2009இல் ரஃப் ரைடரும் 2010இல் சேண்ட் ஸ்கார்ச்சரும் திரும்பி வந்தன. பிற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. 2013இல் ஆர்சி10 வண்டியும் 2014இல் கியோஷோ நிறுவனத்தின் ‘ஸ்கார்ப்பியன்’ வண்டியும் மறுவெளியீடு கண்டன.

இது சேகரிப்பாளரை இரு பிரிவாக்கியது. உடைந்த ஒரு பாகத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் மகிழ்ந்தனர். புதிய பாகம் கடையிலேயே கிடைத்தது. அரிய பொருளை வைத்திருக்கிறோம் என்று பெருமை கொண்டவர்களோ வருந்தினர். இவ்விருவரின் உணர்வையும் தாண்டி, அடிப்படையான சிக்கல் ஒன்று தோன்றியது. பழைய வண்டியின் உடைந்த கையை நீக்கிவிட்டு, மறுவெளியீட்டின் கையைப் பொருத்தினால் அது பழைய வண்டிதானா? சக்கரத்தையும் மாற்றினால்? உடற்கூட்டையும் மாற்றினால்? எந்தப் பாகத்தோடு அது வேறு வண்டியாகிறது? தேரின் உறுப்புகளுள் எது தேர் என்று பழைய மெய்யியலார் கேட்ட கேள்வியை, ஒரு சிறுவனின் வண்டி மீண்டும் எழுப்பியது.

இக்கேள்விக்கு வணிகத்திலும் விளைவு உண்டு. மறுவெளியீட்டின் பாகத்தை முதற்பதிப்பின் பாகம் என்று கூறி விற்போர் தோன்றினர். கூர்ந்து நோக்கினால் வேறுபாடு தெரியும். பிற நிறுவனங்களின் வணிகச்சின்னங்களைப் பயன்படுத்தும் உரிமம் இல்லாததால், சில மறுவெளியீடுகளின் ஒட்டுப்படங்கள் மாற்றி வரையப்பட்டன. பாகத்தின் உட்புறத்தில் உள்ள எழுத்தும் எண்ணும், நெகிழியின் நிறச்சாயலும், உலோகத்தின் மெருகும் மாறுபடும். ஆனால், இவையெல்லாம் கண் பழகியவர்க்கே புலப்படும். புதிதாக வருபவர் ஏமாறுவது எளிது. ஆகவே, பாகம் மாற்றியோர் அதை எழுதிவைத்து, விற்கும்போது வெளிப்படையாகக் கூறவேண்டும் என்பதைச் சேகரிப்பாளர்கள் எழுதாச் சட்டமாகக் கொண்டுள்ளனர். மாற்றுவது குற்றம் அன்று, மறைப்பதே குற்றம்.

அலைபரப்பியிலும் இதே நெருக்கடி உண்டு. இன்றைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. ஒவ்வோர் அலையேற்பியும் தனக்குரிய அலைபரப்பியை அடையாளம் கண்டு, அதன் குறிப்பை மட்டுமே ஏற்பதால் நிறத் துணிக்கும் படிகத்துக்கும் வேலையில்லை. பழைய வண்டியை ஓட்ட விரும்புவோர் பலர் புதிய அலையேற்பியையே அதனுள் வைக்கின்றனர். வண்டி பிறர் குறுக்கீடின்றி ஓடுகிறது. ஆனால், அது ‘எந்த ஆண்டின் வண்டி’ என்பதன் ஒரு பகுதி கழன்றுவிடுகிறது. அருங்காட்சியகப் பாதுகாப்புக் கலையில் ஒரு நெறி உண்டு: செய்த மாற்றத்தைப் பின்னொருவர் திரும்பப் பெறும்படி செய்ய வேண்டும். தேர்ந்த சேகரிப்பாளர் இந்நெறியையே கைக்கொள்கின்றனர். துளையிடாமல், வெட்டாமல், பசை பூசாமல் புதிய கருவியைப் பொருத்துகின்றனர். கழற்றிய பழைய அலையேற்பியையும் படிகங்களையும் பெயர்ச்சீட்டு ஒட்டி அதே பெட்டியில் வைக்கின்றனர். ஓட்டமா காப்பா என்னும் வழக்கில் இதனைவிட நேர்மையான உடன்பாடு இருப்பதாகத் தெரியவில்லை.

இவ்வளவு நெறிகள் இருந்தும் தீராத ஓர் இடம் உண்டு. டாமியாவின் பழைய வண்டிகள் பலவற்றில் ஓட்டுநரின் அரையுருவப் பொம்மை ஒன்று இருக்கும். அதற்கு முகமும் தலைக்கவசமும் தீட்டுவது வாங்கியவரின் வேலை. பத்து, பன்னிரண்டு வயதுக் கைகள் தீட்டிய முகங்கள் அவை. ஒரு கண் மேலும் மறு கண் கீழுமாக இருக்கும். புருவம் தலைக்கவசத்தின்மேல் ஏறியிருக்கும். உதட்டின் சிவப்பு கன்னத்தில் வழிந்திருக்கும். வண்டியை வாங்கிப் புதுப்பிப்பவர், உடற்கூட்டின் உரிந்த வண்ணத்தை நீக்கி, பெட்டி மூடியின் ஓவியத்தில் உள்ளவாறு புதிதாகப் பூசுகிறார். தேய்ந்த சக்கரங்களை மாற்றுகிறார். வளைந்த அச்சை நேராக்குகிறார். எல்லாம் முடிந்தபின், அந்தப் பொம்மையைக் கையில் எடுக்கிறார். வண்ணநீக்கியில் இட்டால் சில மணி நேரத்தில் வெறும் நெகிழியாகிவிடும்; கையேட்டில் உள்ளவாறு செம்மையாகத் தீட்டிவிடலாம்.

சிலர் அவ்வாறே செய்கின்றனர். வேறு சிலர் தூசியை மட்டும் துடைத்து, கோணல் கண்களோடு அதை அப்படியே பளபளக்கும் வண்டிக்குள் அமர்த்திவிடுகின்றனர்.